பூசை நிற்காத திருப்பணி: கிட் மூலநிரல் பற்றிய கேள்வி பதில்

கிட் என்பது, நிரல் எழுதுவோர் தம் கோப்புகளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேர்த்து வைக்கும் கருவி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் தொடங்கிய அதனை, அதே ஆண்டு ஜூலை முதல் ஜூனியோ ஹமானோ பராமரித்து வருகிறார். அதன் மூலநிரலைப் புதுப்பிக்கும் முறை பற்றி நெல்லைச் சீமை நண்பர்கள் கேட்டவற்றுக்கு, பாளையங்கோட்டையில் இருந்தபடி அதைப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

பேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, இருபது வருடப் பழைய நிரலைத் திருத்திக்கொண்டே இருப்பதைவிட, மொத்தமாகப் புதிதாக எழுதிவிட்டால் என்ன?

தம்பி, நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். மூலவரின் சக்தியை அத்திமரப் பலகையில் ஆவாகனம் செய்து, ஒரு வேளைப் பூசையும் தடைப்படாது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் விமானத்தில் கை வைப்பார்கள். கிட் செல்லும் வழியும் அதுதான்.

தொடக்க காலத்தில் அதன் கட்டளைகளில் பல, ஷெல் ஸ்கிரிப்டாகவோ (கணினிக்கு இடும் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) பெர்ல் மொழியிலோ எழுதப்பட்டவை. எழுதுவதற்கு எளிதாக இருந்த அந்த முறையில், ஒரு கட்டளை ஓடுவதற்குள் பல சிறு நிரல்கள் தனித்தனியாகத் தொடங்கி முடிய வேண்டியிருந்தது. லினக்ஸில் அது பெரிதாகத் தெரியாவிட்டாலும், புதிய பிராசஸ் (ஓடும் நிரல்) ஒன்றைத் தொடங்குவதற்கு அதிக நேரம் பிடிக்கும் விண்டோஸில் பயனர் காத்துக் கிடக்க நேர்ந்தது. ஆகவே அவற்றை ஒவ்வொன்றாகச் சி மொழிக்கு மாற்றினார்கள். 2018 டிசம்பரில் வந்த 2.20 பதிப்பில், மாற்றங்களை வேறோர் அடித்தளத்தின் மேல் மீண்டும் அடுக்கும் ரீபேஸ் கட்டளை மாறியது. 2019 ஜூனில் வந்த 2.22 பதிப்பில், முடியாத மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் ஸ்டாஷ் கட்டளை மாறியது. இவ்விரண்டிலும், திறந்த மூலநிரல் பணிகளில் புதியவர்களை ஈடுபடுத்தும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தின் மாணவர்கள் பெரும்பங்கு உழைத்தார்கள் என்பதை உங்களைப் போன்ற மாணவர்களுக்காகவே குறிப்பிடுகிறேன்.

புதிய வடிவம் வந்த நாளிலேயே பழைய ஸ்கிரிப்டைத் தூக்கி எறிந்துவிடவில்லை. ஒரு அமைப்பை மாற்றினால் பழையதே ஓடும்படி இரண்டையும் சில பதிப்புகள் வரை சேர்த்தே வெளியிட்டு, புதியது நிலைத்த பிறகு பழையதை நீக்கினார்கள்.

அம்பாசமுத்திரம், மென்பொருள் சோதனையாளர்: புதியது பழையதைப் போலவே நடந்துகொள்கிறது என்பதை எப்படி உறுதி செய்கிறார்கள்?

டெஸ்டுகளால்தான்; அதாவது, கட்டளையை ஓட்டி எதிர்பார்த்த விடை வருகிறதா என்று பார்க்கும் சிறு நிரல்களால். அவை நான்கு இலக்க எண்ணிட்ட ஷெல் கோப்புகளாக இருக்கின்றன. ஸ்டாஷ் கட்டளைக்கான முதன்மைக் கோப்பின் எண் 3903. மாற்றி எழுதுவதற்கு முன்பே விடுபட்ட டெஸ்டுகளை எழுதிச் சேர்ப்பது நல்ல பழக்கம். ஏனென்றால், பயனர் நம்பியிருக்கும் நடத்தைகளுள் பல எந்த ஆவணத்திலும் எழுதப்படாதவை. டெஸ்ட் இல்லாத பகுதியை அழகுபடுத்த யாராவது முற்பட்டால் நான் கட்டாயம் தடுப்பேன்.

மேலப்பாளையம்: சி மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரநிலையில் வந்த வசதிகளைக்கூட, கிட்டில் மிகத் தாமதமாகத்தான் ஏற்றார்களாமே?

ஆம், அதற்குத் தக்க காரணம் இருந்தது. எங்கோ ஒரு பழைய கணினியில் பழைய கம்பைலரை (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் கருவி) வைத்துக்கொண்டு கிட்டைக் கட்டுபவர் யாரென்று முன்கூட்டித் தெரியாது. எனவே 2017-இல், எல்லாரும் கம்பைல் செய்தே ஆகவேண்டிய ஓர் இடத்தில், எளிதில் திரும்பப் பெறக்கூடிய அளவில் புதிய வசதியை ஒரே ஒரு முறை பயன்படுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். புகார் வராததால் மற்ற இடங்களிலும் அனுமதித்தார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் சோதனை பலூன்.

தென்காசி, ஆசிரியை: ஷா-1 ஹேஷை மாற்ற ஏன் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன?

ஹேஷ் என்பது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண். ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது வரலாற்றில் பதிந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும், கிட் கொடுக்கும் பெயர், ஷா-1 கணக்கிட்டுத் தரும் 20 பைட் எண். 2017 பிப்ரவரியில், ஒரே ஷா-1 மதிப்புடைய இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை ஆய்வாளர்கள் உருவாக்கிக் காட்டினார்கள். அத்தகைய மோதல் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் காப்பு, அதே ஆண்டு மே மாதம் வந்த 2.13 பதிப்பில் இயல்பாகவே சேர்ந்தது. ஆனால் 32 பைட் நீளமுள்ள ஷா-256-க்கு மாறுவது வேறு வேலை. "பெயர் என்றால் 20 பைட்" என்ற அனுமானம் மூலநிரல் முழுவதும் வேரோடியிருந்தது. அதைக் களைந்து, பெயருக்கென ஒரு தனி வகையை வரையறுக்கும் பணியை 2015-லேயே, அதாவது ஆபத்து நிரூபிக்கப்படுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, தொடங்கிவிட்டார்கள். 2020 அக்டோபரில் வந்த 2.29-இல் ஷா-256 சோதனை நிலையில் கிடைத்தது. அந்த 2015-ஆம் ஆண்டுத் தொடக்கத்தை, வெளியே யாருக்கும் தெரியாமல் நடந்த மிகச் சிறந்த பராமரிப்பு வேலையாக நான் மதிக்கிறேன்.

வள்ளியூர்: கிட்டுக்குள் ரஸ்ட் என்ற நிரல் மொழியும் வருகிறதா?

வருகிறது. 2025 நவம்பரில் வந்த 2.52-இல் விருப்பத் தேர்வாக நுழைந்துள்ளது; 3.0 பதிப்பில் கட்டாயமாக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். ரஸ்ட் கம்பைலர் இல்லாத தளங்களில் கிட்டை நம்பியிருப்போரின் கவலை நியாயமானது. அவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்தது சரியான செயல்.

சேரன்மகாதேவி, நிறுவன ஊழியர்: எங்கள் அலுவலகத்துப் பழைய நிரலைச் சீரமைக்கச் சொல்கிறார்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், வரிகளின் இடைவெளி சீராக்கும் வேலையையும் ஒரு பிழைத்திருத்தத்தையும் ஒரே கமிட்டில் போட்டுவிட்டேன். அந்தத் திருத்தம் தவறானது. ஆனால் ஆயிரக்கணக்கான வெற்று மாற்றங்களுக்கு நடுவே அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை. ஒரு கமிட்டில் ஒரு காரியம் மட்டும் இருக்கட்டும். ஏன் செய்தீர்கள் என்பதை அதன் செய்தியில் முழு வாக்கியங்களில் எழுதுங்கள். தோற்றத்தை மட்டும் மாற்றும் கமிட்டுகளைத் தனியாக வைத்திருந்தால், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட் எது என்று சொல்லும் பிளேம் கட்டளை அவற்றைத் தாண்டி உண்மையான மாற்றத்தைக் காட்டும்படி செய்யலாம். அந்த வசதி 2019-இல் 2.23 பதிப்போடு வந்தது.

களக்காடு, மாணவி: ஐயா, நானும் கிட்டுக்குப் பங்களிக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும் அம்மா. பழைய டெஸ்ட் கோப்புகளில், கிட் கட்டளையின் வெளியீட்டைக் குழாய்க் குறி (|) வழியாக நேரே, சொற்களைத் தேடும் கிரெப் கட்டளைக்கு அனுப்பும் வரிகளைத் தேடுங்கள். அங்கே கிட் இடையில் முறிந்துபோனாலும் ஷெல் கிரெப்பின் முடிவையே எடுத்துக்கொள்வதால், டெஸ்ட் தேறிவிட்டதாகக் காட்டக்கூடும். வெளியீட்டை முதலில் ஒரு கோப்பில் எழுதி, பிறகு அந்தக் கோப்பில் தேடும்படி மாற்றினால் அக்குறை தீரும். முதல் பேட்சில் (அனுப்பும் திருத்தத்தில்) ஒரே ஒரு கோப்பை மட்டும் தொடுங்கள். அனுப்புமுன் எனக்கு ஒரு பிரதி தந்தால் படித்துச் சொல்கிறேன்.