நரி எந்தப் பக்கமிருந்து வருது?

வணக்கம் அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில இஞ்சினியரிங் கடைசி வருசம் படிக்கேன். ப்ராஜெக்டுக்கு மேலருந்து பாக்குற மாதிரி ஒரு கேம் பண்ணுதேன். வயல்ல ஆட்டுக்கிடை போட்டிருக்கு, ராத்திரி நரி வரும், காவல் இருக்கவன்தான் ப்ளேயர். என் 1366x768 லேப்டாப்ல சரியா இருக்கு. ஃப்ரெண்டோட போன்ல போட்டா நரி ரொம்ப முன்னாடியே தெரிஞ்சு சப்புன்னு ஆயிருது. செமினார் ஹால் பழைய ப்ரொஜெக்டர்ல போட்டா ஸ்க்ரீனுக்கு வெளிய இருந்து பாஞ்சு ஆட்டத் தூக்கிட்டுப் போயிருது. ஜூம் வச்சிரு, வேணுங்கிறவன் தள்ளி வச்சுப் பாத்துக்கிடட்டும்னு எல்லாரும் சொல்லுதாங்க. வைக்கலாமா?

*

தம்பி,

கிடைய வச்சு கேம்னு பாத்ததும் உன் கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். சின்ன வயசுல பிசான அறுப்பு முடிஞ்சு எங்க வயல்ல கிடை போட்டா, ராத்திரி ஆச்சி தூக்குவாளியில சோறு குடுத்து விடுவா, நான் கொண்டு போவேன். ஆட்டுக்காரர் டார்ச் அடிச்சா ரெண்டு மூணு வரப்பு தாண்டித் தெரியும், அதுக்கு அங்கிட்டு கும்மிருட்டு, நாய் எந்தப் பக்கம் காதத் தூக்குதோ அந்தப் பக்கம்தான் அவரும் திரும்புவாரு. எவ்வளவு தூரம் தெரியுதுங்கிறதுதான் அந்தக் காவலே. உன் கேம்ல அத நீ முடிவு பண்ணணும், இப்போ ஸ்க்ரீன் முடிவு பண்ணிட்டு இருக்கு.

எப்பிடின்னா, யூனிட்டி மாதிரி கேம் செய்யுற இஞ்சின்ல இந்த வகை கேமராவுக்கு நீ குடுக்குறது உயரம் மட்டும்தான், ஆர்த்தோகிராஃபிக் சைஸ்னு போடுறமே அது அந்த உயரத்துல பாதி, அகலம் ஸ்க்ரீன் ரேஷியோவுக்கு, அதாவது ஸ்க்ரீனோட அகல-உயர விகிதத்துக்கு, ஏத்தாப்ல தானா வரும். உயரம் 12 கட்டம்னு வச்சுக்கோ. 4:3 ப்ரொஜெக்டர்ல அகலம் 16 கட்டம், உன் லேப்டாப் 16:9, அதுல 21 சொச்சம், 20:9 போன்ல கிட்டத்தட்ட 27. ப்ளேயர் நடுவுல நிக்கான், அப்போ பக்கவாட்டுல ஒருத்தனுக்கு 8 கட்டம் தெரியுது இன்னொருத்தனுக்கு 13. நரி செகண்டுக்கு 5 கட்டம் ஓடுதுன்னா ஒருத்தனுக்கு 1.6 செகண்ட், இன்னொருத்தனுக்கு 2.6. நீ எழுதாத ஒண்ணும் இருக்கு, மேலருந்தோ கீழருந்தோ நரி வந்தா எல்லா ஸ்க்ரீன்லயும் 6 கட்டந்தான், 1.2 செகண்டுதான். போன்ல ஆடுறவன் ஆடு பறிகுடுக்குறது எல்லாம் மேல கீழதான் இருக்கும், கவனிச்சுப் பாரு.

இது பழைய சங்கதி. நாங்க பிரவுசிங் சென்டர்ல ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடுவோம், 1999ல வந்தது, அப்போ அதுல ஜூமே கிடையாது, ஆனா ரெசொல்யூஷன ஏத்துனா நிலம் கூடத் தெரியும், 800x600ல தெரியிறத விட 1024x768ல ஒண்ணரை மடங்குக்கு மேல. அது தாங்குற மானிட்டர் அங்க ஒண்ணே ஒண்ணு, ஜன்னல் ஓரம், ஸ்கூல் விட்டதும் சைக்கிள மிதிச்சுட்டு அதுக்குத்தான் ஓடுவோம். ட்ரெபுசெட்னு கல்லெறியிற எந்திரம், 16 கட்டம் தள்ளி இருந்து எறியும், சின்ன ரெசொல்யூஷன்ல உக்காந்தவனுக்கு செவுரு இடிஞ்ச பொறவுதான் கல்லு வந்த திசையே தெரியும். 1998 ஸ்டார்கிராஃப்ட்ல அந்த வம்பு இல்ல, எல்லாருக்கும் ஒரே 640x480. 2010ல வந்த ரெண்டாம் பாகத்துல உயரத்தப் பிடிச்சு வச்சாங்க, 4:3 மானிட்டர்காரனுக்கு பக்கவாட்டுல குறைஞ்சு போச்சு, உன் ப்ரொஜெக்டர் கதையேதான்.

இப்போ ஜூம். லிமிட் இல்லாம விட்டா எல்லாரும் கடைசி வரைக்கும் தள்ளி வச்சுத்தான் ஆடுவாங்க, ஏன்னா அதுலதான் ஆடு பிழைக்கும், நானா இருந்தாலும் அதான் செய்வேன். அப்போ நீ எதுவரைக்கும் விடுதியோ அதுதான் உன் கேமோட அளவு, கிட்டத்துல நீ வரைஞ்சு வச்ச எதையும் ஒருத்தனும் பாக்க மாட்டான். 2007ல சுப்ரீம் கமாண்டர்னு ஒண்ணு வந்துச்சு, மொத்த மேப்பும் தெரியிற வரைக்கும் தள்ளலாம், டாங்க் எல்லாம் சின்னச் சின்ன ஐகானா மாறிரும், பிரமாதமா இருக்கும், ஆனா அது படையவே நகத்துற கேம். உன்னுது ஒரு மனுசன் ஒரு டார்ச். ரெண்டு மடங்கு தள்ளுனா நாலு மடங்கு நிலம் வரும், இருட்டு போயிரும்.

அதனால முதல்ல 16க்கு 12 கட்டம்னு ஒரு செவ்வகம் போடு, அதாவது உன்கிட்ட இருக்கதுலயே சின்ன ஸ்க்ரீன். நரி எங்க வேணா சுத்தட்டும், பாயிறது அந்த செவ்வகத்துக்குள்ள வந்த பொறவுதான். அகல ஸ்க்ரீன்ல மிச்சம் தெரியிற இடத்த இருட்டாக்கிரு, கறுப்புப் பட்டை அடிக்காண்டாம், ராத்திரிதானே.

மேல கீழ பிரச்சினைக்கு நாய வையி. நரி செவ்வகத்துக்கு வெளிய வரும்போதே நாய் அந்தப் பக்கம் திரும்பி காதத் தூக்கணும், அது எந்த ஸ்க்ரீன்லயும் ஒரே நேரத்துல நடக்கும், போன் ப்ரொஜெக்டர் வித்தியாசம் அங்கயே பாதி போயிரும்.

ஜூம் லிமிட்டையும் அந்தக் காது சொல்லிரும். உன் டைல், அதான் ஒரு கட்டத்தோட படம், 16 பிக்ஸலா இருந்தா 12 கட்டத்துக்கு 192, 4 மடங்கு பெருக்குனா சரியா 768, லேப்டாப்பும் உங்க ப்ரொஜெக்டர் 1024x768னா அதுவும் பிசிறில்லாம வரும். 1080 போன்ல 6 மடங்கு வையி, 11.25 கட்டம் வரும், அந்த முக்கா கட்டம் ஒண்ணும் பண்ணாது. லேப்டாப்ல ஒரு படி தள்ளுனா 3 மடங்கு, 16 கட்டம், பகல்ல மந்தைய ஓட்டிட்டுப் போகும்போது அத குடு. 2 மடங்குக்கு வந்தா மூணு பிக்ஸல் காது கண்ணுல படாது, அங்க போக விடாத. ராத்திரி 4 மடங்குலயே பூட்டிரு.

காத வரைஞ்சுட்டு கேமோட பில்ட அனுப்பு. வீட்டுப் பரண்ல ஒரு பழைய 4:3 மானிட்டர் கெடக்கு, இறக்கித் தொடச்சு வைக்கேன், முதல்ல அதுல ஆடிப் பாத்துட்டு எழுதுதேன்.