சம்பளம், செருப்பு, பிராட்மேன்: எண்களைப் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: வேலைக்கு எடுக்கும்போது "எங்களிடம் சராசரிச் சம்பளம் 40,000 ரூபாய்" என்றார்கள். சேர்ந்த பிறகு விசாரித்தால், பெரும்பாலோருக்கு 25,000 கூட இல்லை. இது பொய்க் கணக்குதானே?

பதில்: பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, அதுதான் இதில் உள்ள வம்பு. ஒன்பது பேர் வேலை செய்யும் அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சம்பளம் ஆயிரங்களில்: 18, 18, 20, 22, 22, 24, 25, 26, 185. கூட்டினால் 360, ஒன்பதால் வகுத்தால் 40. கணக்கில் பிழை இல்லை. ஆனால் 40,000 வாங்குபவர் அங்கே ஒருவர்கூட இல்லை. எட்டுப் பேர் அதற்கு வெகு கீழே, ஒருவர் வெகு மேலே.

ஏறுவரிசையில் நடுவில் நிற்பவரைப் பாருங்கள். ஐந்தாவது ஆளுக்கு 22,000. இதுதான் இடைநிலை அளவு. அந்த 185 நாளை 370 ஆனால் சராசரி 60ஐத் தாண்டிவிடும். இடைநிலை அளவு அசையாது. மாதச் சம்பளத்துக்கு மொத்தம் எவ்வளவு ஒதுக்குவது என்று பார்க்கும் கணக்காளருக்குச் சராசரி போதும். வேலைக்குச் சேரப்போகிறவர் இடைநிலை அளவைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: செருப்புக் கடை வைத்திருக்கிறேன். விற்ற அளவுகளின் சராசரி 7.4 என்று வருகிறது. இதை வைத்து என்ன செய்வது?

பதில்: ஒன்றும் செய்ய முடியாது. 7.4 அளவில் செருப்பே கிடையாது. எந்த அளவு அதிகம் விற்றது என்று எண்ணுங்கள். அதன் பெயர் முகடு. கொள்முதலுக்கு அது போதும்.

கேள்வி: பத்தாம் வகுப்பில் இரண்டு பிரிவுகளுக்குப் பாடம் எடுக்கிறேன். தேர்வில் இரண்டுக்கும் சராசரி 60. ஆனால் ஒரு பிரிவில் பாடம் எளிதாக நகர்கிறது, இன்னொன்றில் திணறுகிறேன். ஏன்?

பதில்: ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து பேர் மட்டும் என்று சுருக்கிக்கொள்கிறேன். முதல் பிரிவு: 55, 58, 60, 62, 65. இரண்டாவது: 20, 45, 60, 80, 95. இரண்டுக்கும் சராசரி 60. இடைநிலை அளவும் 60. ஆனால் முதல் பிரிவில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறார்கள். இரண்டாவதில் ஒரு மாணவர் 35ஐயே தொடவில்லை, இன்னொருவருக்கு உங்கள் பாடம் சலிப்பூட்டுகிறது. நடு எங்கே என்பதோடு பரவல் எவ்வளவு என்பதும் தெரிந்தாக வேண்டும்.

எளிய அளவு வீச்சு: பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது. இங்கே 10, 75. ஆனால் அது இரண்டு முனைகளை மட்டுமே பார்க்கும். திட்ட விலக்கம் எல்லோரையும் பார்க்கிறது. ஒவ்வொரு மதிப்பெண்ணும் 60இலிருந்து எவ்வளவு விலகுகிறது? இரண்டாவது பிரிவில் –40, –15, 0, 20, 35. இவற்றை அப்படியே கூட்டினால் பூஜ்யம்தான் வரும். எந்தப் பட்டியலிலும் அப்படித்தான். அதனால் வர்க்கப்படுத்துகிறோம்: 1600, 225, 0, 400, 1225. கூட்டுத்தொகை 3450, ஐந்தால் வகுத்தால் 690, வர்க்கமூலம் சுமார் 26.3. முதல் பிரிவுக்கு இதே வழியில் 3.4தான்.

வர்க்கப்படுத்துவதில் ஒரு பக்கச்சாய்வு உண்டு. அந்த 3450இல் ஏறக்குறைய பாதி, 20 எடுத்த ஒரே மாணவரால் வந்தது. வகுப்பறையில் அது குறையன்று என்பேன். கவனம் முதலில் அவர் பக்கம் போகட்டும்.

கேள்வி: கால்குலேட்டரில் திட்ட விலக்கத்துக்கு இரண்டு பொத்தான்கள், இரண்டு விடைகள். எது சரி?

பதில்: கையில் இருப்பதே முழுத் தொகுதி என்றால், எண்ணிக்கையால் வகுப்பது. பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரி என்றால், எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுப்பது. மாதிரியின் சராசரியும் அதே எண்களிலிருந்தே பிறந்தது என்பதால் விலக்கங்கள் சற்றுச் சிறியதாகவே தெரியும். அதை ஈடுகட்டத்தான் இந்தக் குறைப்பு. மேலே உள்ள ஐந்து பேரும் ஒரு பெரிய பள்ளியின் மாதிரி என்றால் 26.3 என்பது 29.4 ஆகும். ஆயிரம் எண்கள் இருந்தால் இரண்டு பொத்தானும் ஏறக்குறைய ஒரே விடைதான் தரும்.

கேள்வி: ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் பிராட்மேன் டெஸ்ட் போட்டிகளில் 80 இன்னிங்ஸில் 6996 ரன் எடுத்தார். 80ஆல் வகுத்தால் 87.45தான் வருகிறது. அவருடைய சராசரி 99.94 என்கிறார்களே, எப்படி?

பதில்: கிரிக்கெட்டில் வகுப்பது இன்னிங்ஸ்களால் அன்று, ஆட்டமிழந்த தடவைகளால். பத்து முறை அவர் ஆட்டமிழக்கவில்லை; 6996ஐ 70ஆல் வகுங்கள். 1948இல் ஓவல் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸுக்கு இறங்கியபோது சராசரி 101.39ஆக இருந்தது. நான்கு ரன் எடுத்து ஆட்டமிழந்திருந்தால் சரியாக 100. இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஹோலிஸின் பந்தில் பூஜ்யத்துக்குப் போல்டானார். எதனால் வகுத்தார்கள் என்று கேட்காமல் எந்தச் சராசரியையும் இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது.

கேள்வி: வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கிறேன். மேல் அளவு 128, 131, 126, 182, 129. அந்த 182ஐ விட்டுவிட்டுச் சராசரி போடலாமா?

பதில்: பிடிக்கவில்லை என்பதற்காக ஓர் எண்ணை நீக்கக் கூடாது. கைப்பட்டை சரியாகச் சுற்றவில்லை, மாடிப்படி ஏறிவந்த உடனே பார்த்தீர்கள் என்று காரணம் தெரிந்தால் அதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். 182ஐச் சேர்த்தால் சராசரி 139.2, நீக்கினால் 128.5, இடைநிலை அளவு 129. மூன்றில் எதை நம்புவது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். ஐந்து எண்களையும் நாள், நேரத்தோடு மருத்துவரிடம் காட்டுங்கள். சராசரியை அவரே போட்டுக்கொள்வார்.