செட்டிநாட்டுப் பழைய வீடுகளைக் காப்பாற்றவும் சுற்றுலாவை வளர்க்கவும் வட்டாரத் திட்டம் போடுவதென்றால் எதிலிருந்து தொடங்குவது?

ஒவ்வொரு வீட்டிலும் பங்குள்ள பங்காளிகள் பட்டியலிலிருந்து. விளம்பரம், வழிகாட்டிப் பலகை, விழா எல்லாம் அப்புறம்.

இங்கே வீடு இடிபடுவதற்குக் காசில்லாதது மட்டுமே காரணமில்லை. முற்றம் வைத்த பெரிய கூட்டுக் குடும்ப வீடான ஒரே வளவுக்குப் பல தலைமுறைப் பங்குகள். பாதிப் பேர் சென்னையில், மலேசியாவில். ஓடு மாற்ற யார் பணம் போடுவது என்பது தீராமலே கூரை ஒழுகும். கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொள்வது விற்றுப் பிரிப்பதற்குத்தான். பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்வது இப்படித்தான்.

ஆகவே வீடுகளைக் கணக்கெடுக்கும்போது வீட்டின் அழகைவிட மூன்று விவரங்கள் முக்கியம்: பங்குதாரர் யார் யார், சாவி யாரிடம், கூரையில் எங்கே ஒழுகுகிறது. விடுதிக்குக் கொடுப்பதென்றால் நீண்ட காலக் குத்தகை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். தன் சார்பில் கையெழுத்திட வெளிநாட்டுப் பங்காளி அனுப்பும் அதிகாரப் பத்திரத்துக்கு (பவர் பத்திரம்), அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதைத் தவறவிட்டால் வேலை இழுத்தடிக்கும். படைப்பு (முன்னோருக்குப் படையலிடும் குடும்பச் சடங்கு), கல்யாணம் போன்றவற்றுக்குக் குடும்பத்துக்கு வீடு திரும்ப வேண்டிய நாட்களையும் குத்தகையிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் முதல் படைப்பிலேயே சண்டை.

அடுத்தது தண்ணீர். கூரைத் தண்ணீர் முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியாகத் தெருவுக்கு, அங்கிருந்து ஊருணிக்குப் போகும்படி கட்டிய ஊர்கள் இவை. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே சிமெண்ட் போட்டுக்கொண்டே போனால், தெரு உயர்ந்து வடிகால் வாய் அடைபடும். மழைத் தண்ணீர் முற்றத்திலேயே தேங்கும், சுவரடி ஊறும், கரையான் ஏறும். தெரு மட்டத்தை உயர்த்தக் கூடாது என்ற ஒரு வரி, சாலை ஒப்பந்தத்தில் இருப்பது பத்து கருத்தரங்குகளுக்குச் சமம்.

பழுது பார்க்கும்போது சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசுவதுதான் பெரிய கேடு. சுவரில் ஏறும் ஈரம் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சில மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக விழும். நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் ஊறவிட்டு, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து அரைத்துப் பூசுவதே சரி. செலவு கூடத்தான், ஆனால் அதைவிடப் பெரிய தட்டுப்பாடு, வழவழப்பான இந்தச் சுண்ணாம்பு மெருகுப்பூச்சு தெரிந்த கொத்தனார். ஒவ்வொரு பழுதுபார்ப்பு வேலையிலும் இரண்டு இளம் ஆட்களைக் கூட வைப்பதைத் திட்டத்தில் கட்டாயமாக்குங்கள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கு அந்தக் கவலை குறைவு: கண்ணாடிமேல் அச்சு வைத்து, வண்ணக் கலவை ஊற்றி, சிமெண்ட் மணல் இட்டுத் தண்ணீரில் ஊறவைக்கும் பட்டறைகள் இன்னும் ஓடுகின்றன.

சுற்றுலா வழித்தடம் வரைவது கடைசி வேலை. செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என இரு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. திருமயம் கோட்டை, சித்தன்னவாசல் ஒரு பக்கம், பிள்ளையார்பட்டி, கானாடுகாத்தான் மறு பக்கம். இரு ஆட்சியர்களும் ஒரே குழுவில் இல்லாவிட்டால் பேருந்து நேரமும் பலகையும் பொருந்தாது. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு ஏறியதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்; அதனால் ஒரு ஓடுகூட மாறாது. வீடு பார்க்க வசூலிக்கும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை அந்த வீட்டுக் கூரைக்கென்றே தனிக் கணக்கில் போடுங்கள், வருடா வருடம் ஐப்பசி மழைக்கு முன் ஓடு பிரித்து மேய.