நாலு பரப்பு வெங்காயம்: கணக்கு எங்கே உதைக்கிறது?

கேள்வி: ஐயா, நான் யாழ்ப்பாணத்து ஏழாலையில தோட்டஞ் செய்யிறன். சொந்தக் காணி, செம்மண், கிணத்து இறைப்பு. போன போகம் 4 பரப்பில (16 பரப்பு ஒரு ஏக்கர்) சின்ன வெங்காயம் நட்டனான். 24 அந்தர், அதாவது 1,200 கிலோ கிண்டினது. விதைக்கு 150 கிலோ எடுத்து வைச்சிட்டு மிச்சத்தைக் கிலோ 180 ரூபாப்படி குடுத்தன். 189,000 ரூபா வந்தது. உழவு, பசளை, மருந்து, கரண்ட், கூலி எல்லாமாய் 98,000 முடிஞ்சுது. அப்ப 91,000 இலாபந்தானே? ஆனா இந்தப் போகம் நடேக்க விதையில 50 கிலோ குறைஞ்சு, கிலோ 400 ரூபாவுக்குக் கடனுக்கு வாங்கினன். காசு எங்க போகுதெண்டு விளங்கேல்லை. பீற்றூட்டுக்கு மாறினால் நல்லதோ?

பதில்: செலவைக் கொப்பியில் எழுதி வைக்கிறவர்கள் குறைவு. நீங்கள் எழுதியிருப்பதால்தான் ஓட்டை எங்கே என்று காட்ட முடிகிறது.

முதலாவது, போன போகம் நட்ட விதை (இந்தப் போகத்துக்கு எடுத்து வைத்தது அல்ல, அதற்கு முந்தினது; அதையும் 150 கிலோ என்றே எடுக்கிறேன்). அது வீட்டுக் கொட்டிலில் தொங்கினதால் செலவில் ஏறவில்லை. ஆனால் அந்த 150 கிலோவை நடுகைக் காலத்தில் விற்றிருந்தால் கிலோ 400 கிடைத்திருக்கும். ஆகவே 60,000 ரூபா செலவு. இரண்டாவது, நீங்களும் மனைவியும் தண்ணி கட்டின, களை பிடுங்கின, மருந்தடித்த நாட்கள். உங்களுக்கு 20 நாள், அவவுக்கு 15 நாள் என்று குறைத்தே போடுகிறேன். ஆணுக்கு 2,500, பெண்ணுக்கு 1,500 கூலி என்று வைத்தால் 72,500. (ஒரே வெயிலில் ஒரே புல்லைப் பிடுங்குகிற பெண்ணுக்கு ஏன் குறைவு என்பது வேறு வழக்கு.)

இப்போது பாருங்கள். 98,000 உடன் விதை 60,000 சேர்ந்தால் 158,000. அதை 1,200 கிலோவால் பிரித்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 132 ரூபா. வீட்டுக் கூலியையும் சேர்த்தால் 230,500, கிலோவுக்கு 192. இந்த இரண்டு எண்ணையும் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். 132க்குக் கீழே விற்றால் கைக்காசு போகிறது. 132க்கும் 192க்கும் இடையில் உங்கள் கூலியில் ஒரு பங்குதான் திரும்பி வருகிறது. 192க்கு மேலே போனால்தான் இலாபம் என்ற பேச்சு.

நீங்கள் விற்றது 180க்கு. விதைக்கு வைத்ததையும் அதே விலையில் மதித்தால் மொத்த வரவு 216,000. அதில் 158,000 போக மிச்சம் 58,000. 72,500 பெறுமதியான உழைப்புக்கு 58,000! அதாவது நீங்கள் நாளுக்கு 2,000க்கும் மனைவி 1,200க்கும் சொந்தத் தோட்டத்தில் கூலிக்கு நின்றிருக்கிறீர்கள். காணிக் குத்தகையை நான் சேர்க்கவேயில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் விற்ற 1,050 கிலோ தராசில் நின்ற நிறையா, கழிவு வெட்டின பிறகா? நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு என்று வெட்டுகிற இடத்தில், 180 என்று பேசின விலை உண்மையில் 162தான். கூடுதல் விலை சொல்கிறவரை விட, கழிவு வெட்டாத வியாபாரி சில வேளை நல்லவர்.

கடன் வந்தது விதையால். தொங்கவிட்ட வெங்காயம் காயும், அழுகும், சிலது முளைக்கும். உங்கள் 150 கிலோ நடுகைக்கு 100 ஆகிவிட்டது. இதைக் கவனியுங்கள்: அந்த 150 கிலோவைக் கிண்டினவுடன் விற்றிருந்தால் 27,000. தொங்கி மிஞ்சின 100 கிலோவின் பெறுமதி 40,000. கழிவு போயும் விதைதான் கூட. ஆகவே அடுத்த முறையும் 4 பரப்பு நடுவதானால் 225 கிலோ தொங்கவிடுங்கள். கூடுதல் 75 கிலோவால் 13,500 ரூபா உடனே கைக்கு வராது. ஆனால் 20,000 கடன் வராது.

அழுகலைக் குறைக்கிற வேலை கிண்டுவதற்கு முன்னமே தொடங்க வேண்டும். பிந்தி யூரியா போடாதீர்கள். கழுத்துத் தடித்த வெங்காயம் தொங்கவிட்டால் தாங்காது. கிண்ட ஒரு கிழமைக்கு முன் தண்ணியை நிறுத்துங்கள். தாளை வெட்டாமல், அடுத்த வரிசைத் தாள் முன் வரிசைக் காயை மூடும்படி பரப்பி இரண்டு மூன்று நாள் உலர விட்டு, பிறகு பிடி கட்டுங்கள். யூரியாவைக் கூட்டிப் போடுவதால் இன்னொரு நட்டமும் உண்டு. எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் மேலே கரைவது கீழே கிணற்றுக்குத்தான் போகிறது. நாங்கள் குடிப்பதும் அதே தண்ணி.

வீட்டு உழைப்பில் பெரும்பகுதி தண்ணி கட்டுவதில் போகிறது. தூவல் நீர்ப்பாசனம் போட்டால் அந்த நாட்களைக் குறைக்கலாம். மானியம் இருக்கிறதா என்று கமநல சேவை நிலையத்தில் உங்கள் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

பீற்றூட்டுக்கு முழுதாக மாறச் சொல்லமாட்டேன். விதைச் செலவு குறைவுதான். ஆனால் பிடுங்கினால் விற்றே ஆக வேண்டும், கொட்டிலில் தொங்கவிட வழியில்லை. வெங்காயத்தின் விலையும் எங்கள் கையில் இல்லை. 1970களின் முதற்பாதியில் இறக்குமதி நின்றபோது வெங்காயமும் மிளகாயும் கல்வீடு கட்டித் தந்தன. 1977இல் சந்தை திறந்தது, அந்த விலை போனது. இப்போதும் கப்பலில் எவ்வளவு வருகிறது, இறக்குமதி வரி எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் விலை ஏறி இறங்குகிறது.

என் யோசனை: 2 பரப்பு வெங்காயம், 1 பரப்பு பீற்றூட், 1 பரப்பில் மிளகாயோ கத்தரியோ. வெங்காயத்தை ஒரே நாளில் நடாமல் இரண்டு வாரம் விட்டு இரண்டு தவணையாக நடுங்கள். எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க ஒன்றாகக் கிண்டுகிற கிழமையில் உங்கள் முழு விளைச்சலும் சந்தையில் நிற்காது. அடுத்த போகம் பாத்திகளை மாற்றுங்கள், நோயும் குறையும். 2 பரப்புக்கு விதை 75 கிலோ போதும்; அதற்கு 115 கிலோ வரை தொங்கவிட்டால் சரி. பீற்றூட்டுக்குத் தனிப் பக்கம் போட்டு, அதற்கும் அந்த இரண்டு எண்ணையும் எழுதுங்கள்.