கேசட்டில் பாடியவர்கள் யார்?

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். என் பெரியப்பா பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1990களில் ஊரில் உள்ளவர்கள் பாடிய பாட்டுகளை டேப்ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்தார். அவர் காலமான பிறகு ஒரு தகரப் பெட்டி நிறைய கேசட்டுகள் என்னிடம் வந்திருக்கின்றன. உறைகளில் 'நடவு', 'ஒப்பாரி', 'வர்ணிப்பு – சித்திரை' என்பதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. இரைச்சலை எடுத்துவிட்டு யூடியூபில் போட்டுவிடலாம் என்கிறான் மகன். ஒப்பாரிக் கேசட்டை வீட்டுக்குள் போடவே கூடாது என்கிறார் அம்மா. இந்த மாதிரிப் பாட்டுகள்தான் புத்தகங்களில் வந்துவிட்டனவே, இனி இவற்றால் என்ன பயன் என்றும் தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?

ஒரு வாசகர், உசிலம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

யூடியூபைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்தக் கேசட்டுகளில் பாடியிருப்பவர்கள் யார் என்று குரலை வைத்தே சொல்லக்கூடியவர்கள் இன்று உங்கள் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அம்மா இருக்கிறார். அவர் வயதில் இன்னும் சிலர் இருக்கலாம். அவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதுவதுதான் முதல் வேலை. நாடாவை இரண்டு வருடம் கழித்துக்கூடச் சரிசெய்ய முயலலாம். "இது மேலத்தெருக்காரி குரல், இன்ன ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்" என்று சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டால் அதைத் திரும்பப் பெற எந்தத் தொழில்நுட்பமும் கிடையாது.

ஆனால் மூலக் கேசட்டையே திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டாதீர்கள். ஒவ்வொரு கேசட்டின் மேல் விளிம்பிலும் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தடுப்புகளையும் முதலில் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் பாட்டு அழியாது. வெள்ளையாகப் பூஞ்சை பிடித்த நாடாவை ஓட்டவே வேண்டாம்; அதைத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். மற்றவற்றை ஹெட் சுத்தம் செய்த நல்ல டெக்கில் ஒரே ஒரு முறை ஓட்டிக் கணினியில் ஏற்றுங்கள். எம்பி3 வேண்டாம். 24 பிட், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி பிடிக்கும், அவ்வளவுதான். மூன்று பிரதிகள் எடுத்து ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். பெரியவர்களுக்குப் போட்டுக் காட்ட இந்தப் பிரதி போதும்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். இரைச்சல் நீக்கும் வேலையைத் தனிப் பிரதியில் செய்துகொள்ளட்டும், மூலக் கோப்பில் கை வைக்கக் கூடாது. நடவுப் பாட்டில் நடுவே வரும் குலவை, வரப்பில் நிற்பவர் அதட்டுவது, பாடுகிறவள் நிறுத்திப் பக்கத்தில் இருப்பவளிடம் அடுத்த அடியைக் கேட்பது எல்லாம் பாட்டைச் சேர்ந்தவை. அந்தப் பாட்டு எப்படி வேலையோடு ஓடியது என்பது அங்கேதான் தெரியும்.

புத்தகங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல் வந்தது. அதில் பல பாடல்களுக்குக் கீழே வட்டார வழக்குச் சொற்களின் பொருள், உதவியவர், சேகரித்தவர், இடம் என்று குறித்திருப்பார்கள். எனக்கு அந்தக் குறிப்புகள் பாடல்கள் அளவுக்கே முக்கியமானவை. உங்கள் நோட்டும் அப்படித்தான் இருக்க வேண்டும்: பாடியவர் யார், யாரிடம் கற்றார், எப்போது, எதற்காகப் பாடினார்.

அச்சில் வராதது நிறைய இருக்கிறது. உங்களிடம் உள்ள வர்ணிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் அழகர் மலையை விட்டு இறங்கி மண்டகப்படி மண்டகப்படியாக மதுரைக்கு வரும்போது அவரை வர்ணித்து வர்ணிப்பு பாடுவது நம் பக்கத்துக்கே உரிய மரபு. தொ. பரமசிவன் 'அழகர் கோயில்' ஆய்வில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். வர்ணிப்புகள் சிறு புத்தகங்களாக அச்சாகி விற்றும் இருக்கின்றன. ஆனால் பாடுகிறவர் எந்த இடத்தில் மூச்சைப் பிடித்து நீட்டுகிறார், பதினெட்டாம்படிக் கருப்பைச் சொல்லும்போது குரல் எப்படி ஏறுகிறது, சுற்றி நிற்பவர்கள் எங்கே கூடச் சேர்கிறார்கள் என்பதை அந்தத் தாளில் தேட முடியாது. மைக்செட்டும் கூட்டமுமாக ஒரு சித்திரை இரவு அப்படியே உங்கள் பெட்டியில் இருக்கலாம். எனக்குக் கேட்க வேண்டும் என்று இப்போதே ஆசையாக இருக்கிறது.

ஒப்பாரி விஷயத்தில் அம்மா சொல்வதைக் கேளுங்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி ஒலிக்கக் கூடாது என்பது பழைய வழக்கம். ஒப்பாரி சேகரிக்கப் போனவர்கள் பலரும் இதைச் சந்தித்திருக்கிறார்கள். வீட்டில் பாட மறுத்த பெண்கள் தோட்டத்திலோ ஊருக்கு வெளியிலோ வந்து பாடிக் கொடுத்ததுண்டு. அம்மாவையும் அப்படித் தோட்டத்துக்கு அழைத்துப் போய்ப் போனில் போட்டுக் காட்டுங்கள்.

அதை இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம். செத்த தாயைப் பார்த்து மகள் ஒப்பாரி வைக்கும்போது புகுந்த வீட்டுக் கொடுமையும் அண்ணன்மார் கைவிட்டதும் பெயர் சொல்லியே வரும். அந்த வீட்டார் இன்றும் அதே தெருவில் இருப்பார்கள். உங்கள் பெரியப்பாவை நம்பிப் பாடிய பாட்டு அது. குடும்பத்தார் சம்மதிக்காமல் வெளியே விடாதீர்கள்.

சட்டமும் பாடியவர் பக்கம்தான் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் கொண்டுவந்த திருத்தம் நிகழ்த்துபவருக்குத் தனி உரிமை தந்தது. இன்று அது 50 ஆண்டு. 1996இல் பாடியது என்றால் 2046 முடியும் வரை அந்த உரிமை உண்டு. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நாட்டுப்புறப் பாட்டுதானே, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பாடியவர் பெயரே இல்லாமல் போடுகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. கொல்லங்குடி கருப்பாயி வானொலியிலும் சினிமாவிலும் பாடியதால் ஊரோடு சேர்த்து அவர் பெயர் நிலைத்தது. அதேபோலப் பாடி, களத்துமேட்டைத் தாண்டாமல் போன பெண்களின் பெயரை இனி உங்கள் நோட்டுதான் சொல்ல வேண்டும்.

யூடியூபில் போடுவதென்றால் சம்மதம் கிடைத்தவற்றைப் பாடியவர் பெயர், ஊரோடு போடுங்கள். அதைப் பாதுகாப்பு என்று நம்பிவிட வேண்டாம். கணக்கு முடங்கினால் எல்லாம் போய்விடும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஒரு துறை வளர்ந்தது, அங்கே விசாரியுங்கள். 1982இல் தொடங்கி இப்போது டெல்லி பக்கத்தில் குருகிராமில் இயங்கும் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இசை ஆவணக் காப்பகமும் (ARCE) இருக்கிறது. யாரிடம் கொடுத்தாலும் என்ன நிபந்தனையில் கொடுக்கிறீர்கள் என்று எழுதி வாங்குங்கள்.

அதற்கு முன்னால் பாடியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள். ஊரில் இருப்பார்கள், இல்லையென்றால் திருப்பூரில் இருப்பார்கள். அவரவர் வீட்டுப் பாட்டை ஒரு பென்டிரைவில் போட்டு முதலில் அவர்கள் கையில் கொடுங்கள். காப்பகத்துக்கு அதற்குப் பிறகு அனுப்பினால் போதும்.