பாங்காங் ஏரியில் ஓர் இரவு: கேள்வி பதில்

லடாக்கின் பாங்காங் ஏரிக்குச் செல்லவிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்து இங்கே பதிலளித்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். நண்பர்களையும் உறவினர்களையும் பல ஆண்டுகளாக அங்கே அழைத்துச் சென்று வருபவன்.

கேள்வி: நான்கு நாள் விடுப்புதான் கிடைத்திருக்கிறது. விமானத்தில் லே சென்று, மறுநாளே ஏரிக்குப் போய் ஓர் இரவு கூடாரத்தில் தங்கலாமா?

வேண்டாம். லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தை விட்டு இறங்கிய கணத்திலேயே உடல் அந்த உயரத்தோடு போராடத் தொடங்கிவிடுகிறது. ஏரி இருப்பதோ ஏறக்குறைய 4,250 மீட்டரில். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, உறங்கும் இடத்தின் உயரத்தைக் கூடுமானவரை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட, இரவில் எந்த உயரத்தில் தலை சாய்க்கிறோம் என்பதே உடலை அதிகம் சோதிக்கிறது. நான்கு நாள்தான் என்றால் ஏரியை விட்டுவிட்டு, சிந்து நதிப் பள்ளத்தாக்கிலுள்ள திக்சே, ஹெமிஸ் மடாலயங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். ஏழெட்டு நாள் இருந்தால் லேயில் மூன்று இரவு, பிறகு லேயைவிடத் தாழ்வான நுப்ரா பள்ளத்தாக்கில் இரண்டு இரவு, அதன் பின் ஏரி என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு வயது 27, தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுபவன். எனக்கும் லேயில் இத்தனை இரவு ஓய்வு தேவையா? அறுபதைக் கடந்த அம்மாவும் உடன் வருகிறார்.

உங்களுக்குத்தான் அதிகம் தேவை, தம்பி. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோயை உடல் வலிமை தடுப்பதில்லை. வலிமையுள்ளவர்கள் அவசரப்படுகிறார்கள் என்பதால் அவர்களே பெரும்பாலும் முதலில் படுக்கிறார்கள். ஒருமுறை எங்களோடு வந்த இளைஞர் ஒருவர், லேயில் இறங்கிய முதல் மணி நேரத்திலேயே எல்லோருடைய பைகளையும் தாமே மாடிக்குச் சுமந்து சென்றார். மாலையில் நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கி ஏறிய அவருடைய தாயார், பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சூப் குடித்துக்கொண்டிருந்தார். உங்கள் அம்மாவுக்கு இதய நோயோ நுரையீரல் நோயோ இருந்தால் மட்டும், மருத்துவர் சம்மதிக்காமல் அழைத்துச் செல்லாதீர்கள். மருந்தில் கட்டுக்குள் இருக்கும் இரத்த அழுத்தம் பொதுவாகத் தடையாக இருப்பதில்லை, எனினும் அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் போதும் என்கிறார்களே?

அது உடல் உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்தும் மருந்தே தவிர, பழகுவதற்குப் பதிலாக அமைந்துவிடாது. அசெட்டசோலமைடு என்பது அதன் மருந்துப் பெயர். பெரியவர்களுக்கு 125 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை, மலையேறுவதற்கு முந்தைய நாளிலிருந்து எடுப்பது வழக்கம். விரல் நுனிகள் மரத்துக் குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், சோடா கலந்த பானங்களின் சுவை கெட்டுப்போகும். இவற்றுக்காகப் பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கேள்வி: சாதாரணத் தலைவலியையும் ஆபத்தான அறிகுறியையும் எப்படிப் பிரித்தறிவது?

இந்த உயரத்தில் வரும் தலைவலி, வேறு காரணம் தெளிவாகத் தெரியும்வரை, உயரத்தால் வந்ததுதான் என்றே கொள்ளுங்கள். தலைவலியோடு குமட்டல், சோர்வு, கிறுகிறுப்பு சேர்ந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. மூளை வீங்கத் தொடங்கினால் நடை தள்ளாடும். ஐயம் வந்தால் நான் கூடாரத்து வாசலில் ஒரு கயிற்றை நேராகப் போட்டு, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி அதன்மீது பத்து அடி வைக்கச் சொல்வேன். மது அருந்தாத ஒருவர் அந்தப் பத்து அடியில் பக்கவாட்டில் சாய்ந்தால், பிறகு விவாதத்துக்கு இடமில்லை. உடனே கீழே இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஓயாத இருமல், நுரையோடு கூடிய சளி ஆகியவை நுரையீரலில் நீர் கோப்பதைக் காட்டுகின்றன. அதற்கும் இதே விதிதான்.

கேள்வி: ஏரிக்கரையில் நள்ளிரவில் ஒருவருக்கு அப்படி முற்றிவிட்டால் லேக்குத் திரும்பிவிடலாம் அல்லவா?

பலரும் யோசிக்காமல் விடுவது இதைத்தான். ஏரியிலிருந்து லேக்குத் திரும்பும் வழக்கமான சாலை சாங் லா கணவாய் வழியாகச் செல்கிறது. அது 5,300 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அதாவது, உடனே இறக்க வேண்டிய நோயாளியை, இறக்குவதற்கு முன் ஆயிரம் மீட்டர் மேலே ஏற்ற வேண்டும். ஆகவே ஏரிக்கரைக் கிராமங்களான ஸ்பாங்மிக்கிலோ மெராக்கிலோ தங்குபவர்கள், லுகுங் வழியாக, ஏரியைவிடத் தாழ்வாக இருக்கும் டாங்சேக்கு முதலில் இறங்க வேண்டும்; அங்கே அரசு சுகாதார நிலையம் உண்டு. அதற்கும் கீழே போக வேண்டுமென்றால், அடுத்துள்ள டர்புக் கிராமத்திலிருந்து ஷியோக் ஆற்றை ஒட்டி நுப்ராவுக்குச் செல்லும் சாலை கணவாய் ஏதுமின்றித் தாழ்ந்துகொண்டே போகிறது. ஆற்றில் வெள்ளம் இருக்கும் நாள்களில் அது துண்டிக்கப்படும் என்பதால், மாலையிலேயே ஓட்டுநரிடம் சாலையின் நிலையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வண்டியை இரவில் வேறு ஊருக்கு அனுப்பாமல், ஓட்டுநரையும் அங்கேயே தங்க வையுங்கள். ஆக்சிஜன் உருளை கையில் இருப்பது நல்லதே, ஆனால் அது இறங்கும் வழியில் கொடுக்க வேண்டியது. அதை மாட்டிவிட்டு விடியும்வரை காத்திருக்கலாம் என்று எண்ணாதீர்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு அங்கே தங்கியபோது, தூக்கத்தில் என் மனைவியின் மூச்சு சில நொடிகள் நின்று, பிறகு வேகமாக வந்தது. இரவு முழுவதும் நான் கண்மூடவில்லை.

யாராக இருந்தாலும் பயந்துதான் போவார்கள். ஆனால் இந்த உயரத்தில் நலமாக இருப்பவர்களுக்கும் தூக்கத்தில் மூச்சு இப்படி ஏறி இறங்கி, இடையில் நிற்பது மிகவும் இயல்பு. எழுப்பினால் தெளிவாகப் பேசுகிறார், விழித்திருக்கும்போது மூச்சு வாங்கவில்லை என்றால் கவலை வேண்டாம். தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சை மந்தப்படுத்தும் என்பதால் அவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

கேள்வி: வெளியேறும் ஆறே இல்லாத ஏரி என்கிறார்களே, அதனால்தான் நீர் உப்புக் கரிக்கிறதா?

ஆம். முற்காலத்தில் இதன் மேற்கு முனையிலிருந்து நீர் வழிந்து டாங்சே வழியாக ஷியோக் ஆற்றில் கலந்தது. அந்த வழி அடைபட்ட பிறகு, நீர் ஆவியாகி மட்டுமே வெளியேறுவதால், ஓடைகள் கொண்டுவரும் உப்பு ஏரியிலேயே தங்கிவிடுகிறது. ஏரியின் மொத்த நீளம் சுமார் 134 கிலோமீட்டர். திபெத் பக்கமுள்ள கிழக்கு முனையில் நீர் ஓரளவு நன்னீராகவும், நாம் காணும் மேற்குப் பகுதியில் உப்பாகவும் இருக்கிறது. உப்பு நீராக இருந்தும் குளிர்காலத்தில் முழு ஏரியும் உறைந்துவிடுகிறது.

கேள்வி: கைப்பேசி வேலை செய்யுமா?

பிற மாநிலங்களில் வாங்கிய பிரீபெய்டு சிம் லடாக்கில் இயங்காது. போஸ்ட்பெய்டு இணைப்பு வேண்டும். ஏரிக்கரையில் அதையும் நம்பியிருக்க வேண்டாம்.

கேள்வி: கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தை அங்கே பார்க்க முடியுமா?

கோடையில் பார்க்கலாம், லடாக்கின் ஏரிகளில் அவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. பாங்காங்கைவிட, 2002இல் ராம்சார் தலமாக (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட ஸோ மோரிரி ஏரியில் அவற்றைக் காணும் வாய்ப்பு அதிகம். ஆனால் அது 4,500 மீட்டருக்கும் மேலே இருப்பதால் பாங்காங்குக்குப் பிறகே அங்கே தங்குங்கள். 7,000 மீட்டருக்கும் மேலே இந்த வாத்துகள் பறந்தது பதிவாகியிருக்கிறது. அவற்றின் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் நம்முடையதைவிட ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மை உடையது. தொலைநோக்கியோடு கரையிலிருந்து தள்ளி உட்காருங்கள். நீங்கள் நெருங்கினால் தாய் வாத்து குஞ்சுகளோடு நடு ஏரிக்குப் போய்விடும், அப்புறம் ஒரு மணி நேரமாவது திரும்பாது.