இரண்டரை வயதுக் குழந்தைக்கு விளையாட்டுச் சமையலறை வாங்கலாமா? (தர்மபுரி, வாடகை வீடு)

உடனே வேண்டாம். முதலில் மரச் சொப்புச் சாமான், சின்ன எவர்சில்வர் கிண்ணம் இரண்டு கொடுத்துப் பாருங்கள். நம்ம ஊர்ப் பிள்ளைக்குக் களி கிண்டுவதுதானே சமையல்! பழைய சட்டியும் துடுப்பும் போதும், அடுப்புக்கு அட்டைப்பெட்டி. புளியங்கொட்டை, கேழ்வரகு மட்டும் கொடுக்காதீர்கள், மூக்கில் திணித்துக்கொள்ளும்.

இரண்டு மாதம் கழித்தும் தினமும் கிண்டினால் வாங்கலாம். மேடை குழந்தையின் இடுப்பளவு, சுமார் 45–50 செ.மீ. இருக்கட்டும். உயரம் கூடினால் எக்கிப் பிடித்து இழுக்கும், லேசான பிளாஸ்டிக் அப்படியே கவிழும். சுவரோரம் வைத்துக் கட்டிவிடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை 2021 முதல் கட்டாயம். சந்தைக் கடையில் அது இல்லாததும் கிடைக்கும். சத்தம் போடும் அடுப்பென்றால் பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா பாருங்கள். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும்.